ஆல்டர்னேட்டருக்குப் பொருத்தம் பார்த்த கதை

"இனிமே இந்த வீட்டு வாசல்ல ஒரு மெக்கானிக்கோட நிழல்கூட விழக்கூடாது!" என்று அப்பா அறிவித்தார்.

அறிவித்த இடம் எங்கள் வீட்டு ஷெட். அறிவித்த நிலை, காருக்கு அடியில், ஒரு ப்ளைவுட் பலகையில் மல்லாந்தபடி. வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான். செருப்பைப் பார்த்துக்கொண்டே ஒரு பிரகடனத்தைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"சரிங்க" என்றார் அம்மா.

இந்த "சரிங்க" என் வயிற்றெரிச்சல். பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படிக்கிறேன். எதிரே இருப்பவர் வாயைத் திறந்தால் மூன்று மறுப்பு தயாராக வைத்திருப்பேன். என்னைப் பெற்றவரோ கல்யாணமான நாளிலிருந்து "சரிங்க" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார். கேட்டால், "எதுக்குடி வீணா மூச்சை செலவு பண்ணணும்?" என்பார். அது கிடக்கட்டும். கதைகளில் அப்பா 'என்றார்', அம்மா மட்டும் 'என்றாள்' என்று எழுதும் வழக்கத்தை யார் கொண்டுவந்தது? இந்தக் கதையில் இரண்டு பேருக்கும் 'ர்'தான். பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

பிரச்சினைக்கு வருகிறேன். எங்கள் காரை மரியாதைக்குத்தான் கார் என்று சொல்கிறேன். அது என்னைவிட மூத்தது. ஓடிய நேரத்தைவிட ஓடப்போவதாகச் சொல்லிக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம். கடைசியாக ஓடியபோது ஆட்டுக்குட்டியை யாரோ இழுத்துப் போவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி உட்கார்ந்துவிட்டது. மெக்கானிக் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆல்டர்னேட்டர் அவுட் சார். இதுக்குப் புதுசு வாங்கிப் போடறதுக்கு நீங்க காரையே மாத்திடலாம்."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் மெக்கானிக் இனத்தின் நிழலுக்கே தடை வந்தது.

ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கி பேட்டரிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும் சாமான். பேட்டரிதான் செலவாளி. ஆல்டர்னேட்டர்தான் சம்பாதிக்கிற ஆள். அது செத்துப்போனாலும் பேட்டரியில் இருக்கிற கையிருப்பைத் தின்றுகொண்டு வண்டி கொஞ்ச தூரம் ஓடும். பிறகு நடுத்தெருவில் நிற்கும் என்று மெக்கானிக்தான் விளக்கினார். அந்த "கொஞ்ச தூரம் ஓடும்" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அம்மா வைத்துக்கொண்டார்.

அம்மா தையல்காரர். வீட்டில் அவருக்கென்று ஓர் இடம் கிடையாது. எங்கள் சாப்பாட்டு மேஜைதான் துணி வெட்டும் மேஜை. வாயில் போட்ட கவளத்தில் குண்டூசி இருக்கிறதா என்று நாக்கால் துழாவிவிட்டு விழுங்குவது எங்கள் வீட்டுப் பழக்கம். அளவு கொடுக்க வருகிற பெண்கள் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து அப்பா துண்டோடு வெளியே வருவார். அலறல் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கும்.

இப்படி இருக்கையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸுகள் எல்லோருக்கும் சீருடை தைத்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள். தலைமை நர்ஸ் ஞாயிற்றுக்கிழமை வந்து தையல் கூடத்தைப் பார்வையிடுவாராம். கூடம் இருந்தால் வேலை நிச்சயம். சாப்பாட்டு மேஜையைக் காட்டினால் வேலை அம்போ.

வெளிச்சம், காற்று, தெருவைப் பார்த்த கதவு எல்லாம் இருந்த ஒரே இடம் ஷெட். அதில் கார் படுத்திருந்தது.

"வண்டியை வெளிய நிறுத்திட்டு ஷெட்டை அம்மாவுக்குக் குடுங்கப்பா" என்றேன்.

"வெயில்ல நிறுத்துனா பெயின்ட் போயிடும்."

"எந்த பெயின்ட்?"

"வாதாடாதே. அது ஓடற வண்டி."

"ஓடற வண்டின்னா ஓடணும். ஓடலை. ஆகவே அது..."

"ஓட வைக்கிறேன்! பழைய வண்டி பிரிக்கிற கடையில பொருத்தமான ஆல்டர்னேட்டர் வாங்கி, நானே மாட்டி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஓட்டிக் காட்டறேன். ஓடிச்சுன்னா இந்த ஷெட் பேச்சை இனி யாரும் எடுக்கக்கூடாது. ஓடலைன்னா ஷெட்டை நீங்களே வச்சுக்குங்க!"

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "சரிங்க. ஆனா ஓடிச்சா ஓடலையான்னு யார் சொல்றது? உங்க பொண்ணையே நடுவரா போட்டுடுங்க. அவதான் நியாயம் பேசுவா."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே விதியை வகுத்தேன். வண்டி சொந்த பலத்தில் ஷெட்டை விட்டு வெளியே போய், தெருவைச் சுற்றி, சொந்த பலத்தில் திரும்பி உள்ளே வர வேண்டும். நடுவர் கடைசி வரை எந்தப் பக்கத்துக்கும் வாய் திறக்கக்கூடாது. அந்த விதியையும் நானே போட்டேன். யாரும் கேட்கவில்லை.

அப்பாவின் தொழிலைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் தணிக்கை அதிகாரி. ஊரார் கணக்கில் ஒளிந்திருக்கும் பொய்யைத் தோண்டி எடுப்பதுதான் வேலை. சரிபார்த்த எதிலும் ஒரு டிக் போடுவார். அந்த டிக்குக்கு ஒரு நீண்ட வால் உண்டு. அது மேலே போய்க் கடைசியில் கொஞ்சம் திரும்பிப் பார்க்கும். ரொட்டிப் பாக்கெட்டில் டிக். கேஸ் சிலிண்டரில் டிக். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது பல் தேய்த்தேன் என்பதற்குக் கண்ணாடியில் டிக். கல்யாண ஆல்பத்தில்கூட ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு டிக் இருக்கிறது. அம்மாவின் முகத்துக்குப் பக்கத்திலும்.

ஆல்டர்னேட்டரைக் கழற்ற அவருக்கு ஒரு முழு நாளும் நாலு விரல் தோலும் ஆனது. கழற்றியதும் ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் அதன் முதுகில் அழுத்திக் கீறி ஒரு டிக் போட்டார். பிறகு சாப்பாட்டு மேஜையில், வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியின் மேலேயே, தொம்மென்று வைத்தார்.

"இந்தச் சனியனை எங்கயாவது தூக்கிப் போடு."

"நிஜமாவாங்க? அப்புறம் வேணும்னு கேட்க மாட்டீங்களே?"

"செத்த பொணத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? போடுன்னா போடு!"

"சரிங்க."

சற்று நேரத்தில் அம்மா அதை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கம்மா போற? குப்பைத்தொட்டி இந்தப் பக்கம்."

"கனமான குப்பைக்கு வேற தொட்டிடி" என்று சொல்லிவிட்டுப் போனார். நடுவர் என்பதால் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

மறுநாள் அப்பா பழைய சாமான் வேட்டைக்குப் புறப்பட்டபோது அம்மா வாசல் வரை வந்தார்.

"போறதுதான் போறீங்க, நம்ம ஸ்பேனர் அண்ணன் கடைக்கே போயிடுங்க. துணி போட ஒரு இரும்பு ஸ்டாண்டு சொல்லி வச்சிருக்கேன். அதையும் அப்படியே ஏத்திக்கிட்டு வந்துடுங்க."

"நான் என்ன கூலி ஆளா?"

"கூலி ஆளுன்னா உடைச்சிடுவாங்க. நீங்கன்னா சரிபார்த்துக் கொண்டு வருவீங்க."

அப்பா உருகிவிட்டார். நடுவர் என்ற முறையில் நானும் கூடப் போனேன்.

ஸ்பேனர் அண்ணனின் கடையில் வண்டிகள் கதவு தனியாக, கண்ணாடி தனியாக, இருக்கை தனியாகக் கிடந்தன. காதில் ஒரு சின்ன ஸ்பேனரைப் பென்சில்போல் செருகியிருந்த அண்ணன் எழுந்து வந்தார்.

"என்ன வண்டிக்கு சார்?"

அப்பா வண்டியின் பெயரையும் வருஷத்தையும் பட்டத்து யானையை அறிமுகப்படுத்துவதுபோல் சொன்னார்.

"பழைய பீஸைக் கொண்டு வந்தீங்களா? பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒரே நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும்."

"தேவையில்லை. எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு."

"தலையை பெல்ட்டுல மாட்ட முடியாதே சார்."

அப்பா முறைத்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பொருத்தம் பார்க்கும் படலம் ஆரம்பமானது. முதலில் வந்ததில் பெல்ட் உட்காரும் பள்ளங்கள் குறைவு. "ரிஜெக்ட்!" அடுத்ததில் ஒயர் செருகும் வாய் வேறு மாதிரி. "ரிஜெக்ட்!" இன்னொன்றில் போல்ட் மாட்டும் காது ஒரு பக்கம் தள்ளி இருந்தது. அப்பா சாணளந்து, விரலளந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "இது வேற வருஷத்து இன்ஜினோடது. என்னை ஏமாத்த முடியுமா?" என்றார். ஒவ்வொரு ரிஜெக்டுக்கும் அவர் முகம் பிரகாசமாகிக்கொண்டே வந்தது. அலுவலகத்தில் இப்படித்தான் இருப்பார் போலிருக்கிறது. பாவம், கூட வேலை செய்கிறவர்கள்.

"ரொம்ப விவரமான ஆளு சார் நீங்க" என்றார் ஸ்பேனர் அண்ணன், சிரிக்காமல். "உங்களுக்குன்னே ஒண்ணு உள்ள வச்சிருக்கேன்."

உள்ளே போய் ஒரு துணி மூட்டையோடு வந்தார். பிரித்தார். மண்ணெண்ணெய் போட்டுத் துலக்கி, வெள்ளிப் பெயின்ட் அடித்த ஓர் ஆல்டர்னேட்டர் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

அப்பா பள்ளங்களை எண்ணினார். சரி. ஒயர் வாயைப் பார்த்தார். சரி. போல்ட் காதுகளைத் தடவினார். சரி, சரி.

"எல்லாமே பொருந்துதே!"

"பொருந்தாம எங்க சார் போகும்?"

அப்பா அதைத் திருப்பினார். முதுகில், வெள்ளிப் பெயின்ட்டுக்கு அடியில், ஆழமாகக் கீறிய ஒரு டிக். நீண்ட வால். அது மேலே போய்க் கடைசியில் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது.

அந்த டிக்கைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

"இங்க பாரு!" என்றார் அப்பா பரவசமாக. "யாரோ விஷயம் தெரிஞ்ச ஆளு செக் பண்ணிப் பாஸ் போட்டிருக்கான். அந்தக் கோட்டைப் பாரேன், என்ன ஒரு நேர்மை! இப்படி டிக் போடற ஆளு தப்பு பண்ண மாட்டான்."

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். சொன்னால் அப்பா பிழைப்பார், அம்மா ஷெட்டை இழப்பார். சொல்லாவிட்டால் உண்மை சாகும். உண்மை பெரிதா, நீதி பெரிதா? இந்தத் தலைப்பில் இரண்டு பக்கமும் பேசிக் கோப்பை வாங்கியிருக்கிறேன். இப்போது ஒரு பக்கமும் வரவில்லை. அப்போதுதான் என் விதி ஞாபகம் வந்தது. நடுவர் கடைசி வரை வாய் திறக்கக்கூடாது. அப்பாடா! கொள்கைக்காக மௌனம் சாதிப்பது என்று முடிவு செய்தேன்.

"கேரண்டி உண்டா?" என்று கேட்டார் அப்பா.

"பொருந்தும்கிறதுக்கு உயிரையே கேரண்டி தர்றேன் சார். மத்ததெல்லாம் வண்டியோட தலையெழுத்து."

திரும்பி வரும்போது லோடு வண்டியில் அம்மாவின் இரும்பு ஸ்டாண்டும் வந்தது. துணி காயப்போட இவ்வளவு அகலமான ஸ்டாண்டு எதற்கு என்று எனக்கே தோன்றியது. அப்பாவுக்குத் தோன்றவில்லை. மடியில் ஆல்டர்னேட்டரைப் பிள்ளையைப்போல் வைத்துக்கொண்டு அதன் டிக்கைத் தடவிக்கொண்டே வந்தார்.

மாட்டுவதற்கு அரை மணிகூட ஆகவில்லை. போல்ட்டுகள் தாமாகவே துளையைத் தேடிப் போயின. பெல்ட் பள்ளத்தில் பழகிய நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது.

"பார்த்தியா? நூத்துக்கு நூறு! இதுக்குப் பேர்தான் பொருத்தம்" என்றார் அப்பா.

"என்னைப் பார்க்க வந்தப்ப இப்படி விரல் வச்சு அளந்து பார்த்திருக்கலாமே" என்றார் அம்மா. "நான் தப்பிச்சிருப்பேன்."

சனிக்கிழமை வந்தது. இறுதி ஓட்டத்துக்கு முன் அப்பா செய்த வேலைகள் அசாத்தியமானவை. நான்கு டயருக்கும் காற்று அடித்தார். பேட்டரியைக் கடையில் கொடுத்து முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். வண்டி வெளியே போக வழி வேண்டுமே என்று ஷெட்டில் தலைமுறையாகக் கிடந்த பெட்டி, பழைய தகரம், கால் ஒடிந்த கட்டில் எல்லாவற்றையும் தூக்கிப் பின்னால் போட்டார். சிலந்தி வலையை அடித்தார். தரையில் கிடந்த எண்ணெய்க் கறையைக்கூட, டயர் வழுக்கும் என்று, தேய்த்துக் கழுவினார்.

"அந்த மூலையிலயும் கொஞ்சம் தூசி இருக்குங்க" என்றார் அம்மா. "வண்டி திரும்பி வர்றப்ப நல்லா இருக்கணுமில்ல?"

"ஆமாமா" என்று அதையும் பெருக்கினார்.

எதிர்வீட்டு மாமா துணைக்கு வந்தார். பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர். கழுத்தில் விசில் இன்னும் தொங்கும். முன் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்தார். அப்பா சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, உறுமியது, ஓடத் தொடங்கியது. கூடவே ஆட்டுக்குட்டியை இழுத்துப் போகும் அதே சத்தமும் வந்தது.

"அடடா!" என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது. "சத்தம்கூட அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கு பாரு!"

"சிவப்பு லைட் எரியுதே" என்றார் மாமா.

"புது இடம் இல்லையா? கொஞ்சம் பழகணும்."

மாமா விசிலை ஊதினார். வண்டி ஷெட்டை விட்டு, வாசலைத் தாண்டி, தெருவில் திரும்பி மறைந்தது. ஆட்டுக்குட்டியும் கூடவே போய் மறைந்தது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா ஏற்கெனவே ஷெட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் முந்தானையைச் செருகியாயிற்று. "அந்த ஸ்டாண்டை இந்தப் பக்கம் பிடி."

"அம்மா! நடுவர் தீர்ப்பு இன்னும் வரலை!"

"நீ தீர்ப்பை யோசிச்சுக்கிட்டே பிடி."

பிடித்தேன். அப்பா மல்லாந்து படுத்த அந்த ப்ளைவுட் பலகையைத் துடைத்து ஸ்டாண்டின் மேல் வைத்தார் அம்மா. அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. துணி காயப்போடும் ஸ்டாண்டு அல்ல அது. துணி வெட்டும் மேஜை.

இனிப் பொறுக்க முடியவில்லை. "அம்மா, எனக்கு எல்லாம் தெரியும். அந்த ஆல்டர்னேட்டர் நம்மளோடதுதானே?"

"ஆமா. ஸ்பேனர் அண்ணன்கிட்ட அதைக் குடுத்துட்டு இந்த ஸ்டாண்டைக் கேட்டேன். இதுக்கு இது ஈடாகாதும்மான்னார். ஒருத்தர் வருவார், எல்லாத்தையும் வேணாம்பார், கடைசியில இதைத்தான் காசு குடுத்து வாங்குவார், அந்தக் காசை ஸ்டாண்டுக்கு வச்சுக்குங்கன்னு சொன்னேன். உங்க அப்பா பொருத்தம் பார்த்தா உலகத்துல வேற எது தேறும்?"

"அப்போ இந்த மேஜை?"

"உங்க அப்பா வாங்கிக் குடுத்தது. நாம கேட்காமலே அவர் வாங்கிக் குடுத்த முதல் சாமான்."

"அந்த வண்டி திரும்பி வராதே அம்மா!"

"வரணும்னு எனக்கு என்னடி அவசியம்? வெளிய போனா போதாதா? காத்து இல்லாத டயரோட அந்த மலையை நீயும் நானுமா தள்ளியிருக்க முடியும்? பேட்டரி இருந்தா கொஞ்ச தூரம் ஓடும்னு மெக்கானிக் சொன்னாரே, உன் காதுலயும்தானே விழுந்துச்சு."

"கடையில வச்சே நான் அப்பாகிட்ட சொல்லியிருந்தா?"

"நீயா? பதவியை விட்டுட்டா?" அம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னுதானே உன்னை நடுவரா போடச் சொன்னேன். வேற எப்படி நீ மூடுவ?"

தர்க்க நூல்களில் இதற்கு மறுப்பு இருக்கக்கூடும். பலகையின் மறுமுனையைப் பிடித்து வெள்ளைத் துணியை விரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தெருமுனையில் விசில் சத்தம் கேட்டது. "லெப்ட்... ரைட்... தள்ளு! லெப்ட்... ரைட்... தள்ளு!" மாமாவும் தெருவில் போன நாலு பேரும் காரைத் தள்ளிக்கொண்டு வந்து மதிலோரம் நிறுத்தினார்கள். முன்னால் அப்பா நடந்து வந்தார், கை முழுக்கக் கரியோடு. ஷெட் வாசலில் நின்றார். கூட்டிக் கழுவிய தரையைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"நடுவர் தீர்ப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"தீர்ப்பு கெடக்கட்டும்! ஷெட்டை நீங்களே வச்சுக்குங்க. வாக்குன்னா வாக்கு." அப்பா கர்ஜித்தார். "ஆனா அந்த ஸ்பேனர்க்காரனை விடப்போறதில்லை. செத்த சாமானை என் தலையில கட்டிட்டான். என்கிட்டயா? இப்பவே நம்ம பழைய ஆல்டர்னேட்டரை எடுத்துட்டுப் போறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இதுக்கும் அதுக்கும் என்னடா வித்தியாசம்னு கேக்கப்போறேன். எங்க போட்டே அதை?"

அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். வெள்ளைத் துணியில் நேராக முதல் வெட்டு வெட்டினார்.

"நீங்க சொன்ன மாதிரியே தூக்கித்தாங்க போட்டேன். நீங்கதான் மறுபடியும் போய் வாங்கிட்டு வந்துட்டீங்க."